கொடிக்காலுக்குள் தங்கப்பொண்ணு

சோழவந்தான் வெற்றிலையைச் சாமிக்கு வைக்காதீர்கள் என்று ஒரு பேச்சு மதுரையில் கிளம்பியிருந்தது. அந்தப் பக்கம் ஒருத்தி மூத்திரப் பையைத் தொடையில் கட்டிக்கொண்டே வெற்றிலைக் கொடிக்காலுக்குள் இறங்குகிறாளாம். அவள் கால் பட்ட வரிசையில் வெற்றிலைக் கொடி தூரோடு கருகிப் போகிறதாம். என் அக்கா ஹம்சவேணிக்கு இதைச் சொன்னவள் தெப்பக்குளத்துக் கோயில் வாசலில் வெற்றிலை விற்கிறவள். அவள் பார்த்ததில்லை. அவளுக்குச் சொன்னவன் மார்க்கெட்டில் கூடை இறக்குகிறவன். அவனும் பார்த்ததில்லை. அக்கா அதை மஸ்கட்டில் வேலையிலிருந்த தங்கை எனக்குப் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, “எனக்கும் பை வைப்பார்களோ?” என்று கேட்டாள். அடுத்த மாதம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை. இது 2004, ஐப்பசி.

வைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், நான் படித்தது தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆனால் எந்த மொழியிலும் அந்தச் சங்கதியை வாய்விட்டுப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவோம். வளர்ந்த பிறகு அந்த விரலையும் மடக்கிக்கொண்டோம்.

விடுப்பு வாங்கிக்கொண்டு கார்த்திகையில் வந்து சேர்ந்தேன். ஆரப்பாளையம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அறுவை முடிந்து மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அக்காவுக்கு வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவள் வீட்டுக்காரர் வெங்கடசுப்பிரமணியன், மறுபக்கம் அவருடைய அண்ணன். இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அன்பு என்று அவர்கள் நினைப்பு. நர்ஸ் போகிற போக்கில் “யூரின் போச்சாம்மா?” என்று கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். மத்தியானமும் கேட்டார்கள், மத்தியானமும் ஆட்டினாள்.

மூன்று மணிக்குப் பக்கத்துக் கட்டில் சுந்தரம்மாளைப் பார்க்க ஒரு பெண் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நெடிய உடம்பு. வேலைக்கு நடுவே எழுந்து வந்தவர் போலச் சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். இடது மணிக்கட்டில் பெரிய ஆண்கள் கடிகாரம், முகம் உள்பக்கம் பார்க்கும்படி கட்டியது. கையில் மஞ்சள் பை. அதற்குள்ளே ரொட்டி இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை, சாத்துக்குடி இல்லை. ஒரு பிளாஸ்டிக் மக்கு இருந்தது. மக்கின் உள்சுவரில் சிவப்பு நகப்பூச்சால் ஐந்து கோடுகள் போட்டிருந்தன.

“ஒண்ணுக்குப் போனியா?” என்று வாசலில் நின்றே கேட்டார். வார்டு முழுக்கக் கேட்டது.

சுந்தரம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு “ம்” என்றாள்.

“ம்னா எம்புட்டு?”

அவர் நலம் விசாரிக்கும் விதமே இதுதான் என்பது பின்னால் தெரிந்தது. எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு வயிற்றில் கத்தி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டாலும், உறவோ பகையோ பார்க்காமல் மக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். தையல் ஆறிற்றா, சோறு இறங்குகிறதா என்றெல்லாம் கேட்க மாட்டார். ஒரே கேள்வி. அதற்கு அளவோடு பதில் வரும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். சுந்தரம்மாள் மக்கை வாங்கிக்கொண்டு போய் மூன்று கோடு நிரப்பிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். அக்காவின் மேலுதட்டில் வேர்வை கோத்திருந்ததையும், கால்களை ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். நாங்கள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான், அதைப் பார்க்கவில்லை. குழாயை எப்போது எடுத்தார்கள் என்று என்னிடம் கேட்டார். எட்டு மணி என்றேன். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, ரெண்டு பேரும் கீழ போயி டீ சாப்பிட்டு வாங்க.”

வெங்கடசுப்பிரமணியன் என்ன விஷயம் என்று கேட்டார்.

“விசயம் உங்களுக்கு இல்லண்ணே. மெதுவாவே குடிங்க.”

அவர்கள் போனதும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே நின்றார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து அக்கா அழுதுகொண்டே நீட்டிய மக்கில் முதல் கோடுகூட நனையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, கட்டிலிலேயேகூட நனைந்துவிட்டது என்று அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை.

மக்கோடு நர்ஸ்களின் அறைக்குப் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். அங்கிருந்த நர்ஸ், அதுதான் போகிறதே, முதல் நாள் அப்படித்தான் சொட்டும், டாக்டர் ஆறு மணிக்கு வருவார் என்றார். இவர் நகரவில்லை. ஏழு மணி நேரமாகிவிட்டது, அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க யாருங்க? டாக்டரா?”

“இல்ல தாயி. டாக்டரு பாக்காம விட்ட ஆளு.”

இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மக்கை மேசையில், மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். டியூட்டி டாக்டர் வரும் வரை அதை அங்கிருந்து எடுக்கவும் இல்லை, எடுக்க விடவும் இல்லை. டாக்டர் அக்காவின் வயிற்றில் கை வைத்தார். உடனே குழாய் கொண்டுவரச் சொன்னார். தொள்ளாயிரம் மில்லி இறங்கியது. அவ்வளவு நிறைந்து கிடந்ததால்தான் விளிம்பு தாண்டிச் சொட்டியிருக்கிறது. சொட்டியதை நாங்கள் எல்லோரும் போய்க்கொண்டிருப்பதாக நினைத்திருந்தோம்.

குழாய் இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை எடுத்த அன்று அக்கா நாலு கோடு நிரப்பிவிட்டு, ஆயுளில் முதல் தடவையாக, இங்கே வந்து பார் என்று என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டாள்.

நான் சொல்ல வந்தது மக்கோடு வந்த அந்தத் தங்கப்பொண்ணுவைப் பற்றி. அக்காவுக்கு மறுபடி குழாய் போட்ட அன்று சாயங்காலம் அவர் கிளம்பும்போது எந்த ஊர் என்று கேட்டேன். சோழவந்தானைத் தாண்டி ஆற்றோரம் என்றார். “கொடிக்கால்ல பைக்காரி வீடு எதுன்னு கேளுங்க. சின்னப்பிள்ளகூட வழி சொல்லும்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கண் தன்னால் அவருடைய தொடைப் பக்கம் போய்விட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டி, தொடையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“பை இல்ல. அது ஆறு வாரந்தான் இருந்துச்சு. ஏழு வருசம் ஆச்சு கழட்டி. ஊருக்குத்தான் இன்னும் தொங்குது.”

1997இல் அவருக்கும் இதே அறுவைதான், வேறோர் ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் காலையில் குழாயை எடுத்துவிட்டு, மத்தியானம் வந்து கேட்டிருக்கிறார்கள். “பொழுது சாயட்டும், போயிக்கிறேன்” என்று பதில் சொன்னாராம். நர்ஸ் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விட்டார். இவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கொடிக்காலில் வேலை செய்கிற பெண்களுக்கு இரண்டு வேளைதான்: விடியும் முன்னால் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. கொடிக்காலுக்குள் செருப்பு ஆகாது, எச்சில் துப்பக்கூடாது, விலக்கான பெண் வரக்கூடாது. ஒன்றுக்குப் போவது நினைத்தும் பார்க்க முடியாதது. சுற்றிலும் வெட்டவெளி வயல். பத்து வயதில் அப்பாவோடு இறங்கியதிலிருந்து அதுவரை பகலில் போனதே இல்லை என்கிறார். அடக்கிப் பழகியது பெருமையாகக்கூட இருந்திருக்கிறது.

துணைக்கு இருந்தவர் நாத்தனார் சோலையம்மாள். அவரும் அதே கொடிக்கால், அதே இரண்டு வேளை. காலை எட்டு மணியிலிருந்து இருட்டும் வரை ஒருத்தி ஒன்றுக்குப் போகவில்லை என்பது இரண்டு பேருக்குமே தப்பாகத் தோன்றவில்லை. இருட்டிய பிறகு போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாக வந்ததே தவிர, போகவில்லை. மறுநாள் தானாகக் கசிந்தது. சோலையம்மாள் நாலு சேலை மாற்றிவிட்டு, நன்றாகப் போகிறது என்று நர்ஸிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். வலியைத் தையல் வலி என்றார்கள். அதற்கும் மறுநாள் காய்ச்சல் வந்து, தையலுக்கு மேலே வயிறு பானையாக எழும்பிய பிறகு குழாய் போட்டார்கள். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

“எலாஸ்டிக் போன டவுசர் கணக்கா ஆயிருச்சு. இழுத்தா வரும், திரும்பச் சுருங்காது” என்று தன் மூத்திரப்பையைப் பற்றிச் சொல்கிறார். அது பிறகு தானாகச் சுருங்கவே இல்லை. ஆறு வாரம் குழாயும் பையுமாக இருந்தார். ‘பைக்காரி’ அப்போது வந்த பெயர். பிறகு பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், ஒரு சாண் நீளக் குழாயைக் கையில் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீயே போட்டு நீயே எடுத்துவிடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். “கண்ணாடி மூணு நாளைக்குத்தான். இருட்டுல கொடி கட்டுற கைக்கு இது என்ன பெரிய வித்தையா?”

அன்றிலிருந்து அவருடைய நாள் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. ஐந்து, ஒன்பது, ஒன்று, ஐந்து, ஒன்பது. தினமும் சாயங்காலம் குழாயைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கிறார். வைக்கிற இடம் மகன் செல்வக்குமார் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸ். சரியாக அந்த நீளம். மகன் திருப்பூரில் வேலைக்குப் போன பிறகும் பெட்டியின் மூடியில் அவன் ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் ஒரு மணியானால் எழுந்துவிடுவார். எங்கே என்று கேட்டால், “எனக்கு மணியாச்சு” என்பார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் காவலாளிக்கு அவர் மணியக்கா. அவர் வருவதைப் பார்த்தாலே அவன் சோப்பை எடுத்து வைத்துவிடுவான். வைக்காத ஒரு நாள் மேலதிகாரி வரை போய் நின்றிருக்கிறார். பேருந்தில் நேரமாகிவிட்டால் டிரைவரிடம் நேராகச் சொல்லி நிறுத்த வைப்பார். “ஆம்பள இறங்குனா நிப்பாட்டுறீங்கள்ல மாப்ள? எனக்கும் அதே தண்ணிதான்.”

வீட்டுக்காரர் நல்லகாமன் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாதவர். அந்த ஆண்கள் கடிகாரம் அவருடையது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவரே கழற்றிக் கட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு ஆலைச் சங்கை நம்பியே வேலைக்குப் போய்வருகிறார்.

அக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, மார்கழியில் ஒரு காலை, நான் சோழவந்தானுக்குப் போனேன். ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தங்கப்பொண்ணு வீட்டில் கைகால் கழுவச் சொன்னார், இட்லி வைத்தார், இரண்டு தம்ளர் காப்பி கொடுத்து முழுக்கக் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் கிளம்பினால் முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுகிற என் பழக்கம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

வீட்டில் இருந்த வரை அவர் சரியாகப் பேசவில்லை. காரணம் நல்லகாமன் சொல்லித்தான் தெரிந்தது. கொடிக்காலை ஆறு வீட்டார் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார்கள். அதில் ஒரு பங்கு தங்கப்பொண்ணுவின் அப்பாவுடையது. ஆண் பிள்ளை இல்லாததால் மகளுக்கு வந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி இரண்டு வரிசை தூர் அழுகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கொடிக்கால்களிலும் அழுகியிருக்கிறது. ஆனால் இங்கே பைக்காரி இருக்கிறார். பேச்சு மார்க்கெட்டுக்குப் போய், கோயிலுக்கு வெற்றிலை வாங்குகிற வியாபாரி ஒருவர் இவர்கள் கூடையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். தையில் புதுக் கொடி நட வேண்டும். அதற்குள் ஒரு முடிவு எடுக்க, பங்காளிகள் ஐந்து பேரும் அன்று காலை முத்துக்கருப்பன் வீட்டில் கூடியிருந்தார்கள். அவர்தான் மூத்த பங்கு. தங்கப்பொண்ணுவைக் கூப்பிடவில்லை. முடிவைப் போனில் சொல்கிறோம், அதுவரைக்கும் கொடிக்காலுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முத்துக்கருப்பன் கெட்டவர் இல்லை என்று தங்கப்பொண்ணுவே சொல்கிறார். முந்தின வாரம் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு பேசியிருக்கிறார். “தங்கச்சி, நானாச் சொல்லலை. ஏவாரி கூடையத் திருப்புறான். நீ வெளியில உக்காந்து இலையை அடுக்கு, போதும். உன் பங்கு வீடு தேடி வந்துரும்.”

“எம் பங்கு வரும். எங் காலு மட்டும் வரக்கூடாதாண்ணே?”

இட்லி முடிந்து கொடிக்காலைக் காட்ட என்னைக் கூட்டிப்போன வழியெல்லாம் நடந்துகொண்டே இதைச் சொன்னார். அந்தப் பை இருந்த ஆறு வாரமும் வரப்பில்கூடக் கால் வைக்கவில்லை என்றார். யாரும் தடுக்கவில்லை, அவராகத்தான் வைக்கவில்லை. கொடிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்போடு உள்ளே வந்த வெற்றிலைத் தரகர் ஒருவரை வாய்க்கால் வரை விரட்டிக்கொண்டு போனவர் அவர்தான். சட்டத்தை உடைக்க வரவில்லை, அந்தச் சட்டப்படியே வருகிறேன் என்பதுதான் அவருடைய வாதம். முத்துக்கருப்பனிடம் இதையும் சொல்லியிருக்கிறார்:

“உங்க வீட்டுப் பொம்பளைங்க மாசத்துல அஞ்சு நாளு வெளிய நிக்கணும். எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே. முப்பது நாளும் உள்ள இறங்க முழு ரைட்டு இருக்குற ஒரே பொம்பள நாந்தான். அப்புறம் ஒண்ணு. நீங்க அஞ்சு பேரும் வாய்க்கா மேட்டுல நின்னு போறீங்களே, அந்தத் தண்ணி எங்கண்ணே பாயுது?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

கொடிக்காலுக்கு முப்பதடி தள்ளி, பம்புசெட்டுக்குப் பின்னால், தென்னங்கீற்று மறைப்பு ஒன்று நிற்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கப்பொண்ணு தன் கையால் கட்டியது. உள்ளே ஒரு டிரம் தண்ணீர், வலைப்பையில் தொங்கும் சோப்பு, கை துடைக்கத் துண்டு, உட்காரச் சதுரமாகப் போட்ட சிமெண்டுத் தளம். அதிலிருந்து ஒரு குழாய் கொடிக்காலுக்கு எதிர்ப்பக்கமாகத் தோண்டிய குழிக்குப் போகிறது. முதலில் அதைப் பைக்காரி அரண்மனை என்று சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தி உள்ளே போனவர் சோலையம்மாள். ஆஸ்பத்திரியில் நாலு சேலை மாற்றியதை நினைத்துக்கொண்டு போயிருக்கலாம், தெரியவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக. இப்போது காலை ஒன்பது மணியானால் இலை கிள்ளுகிற எட்டுப் பெண்களும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். தங்கப்பொண்ணு கடிகாரத்தைப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சங்கு. வேலை கெடுகிறது என்று முத்துக்கருப்பனுக்கு ஒரு குறை உண்டு. அவர் மனைவியும் அந்த எட்டில் ஒருத்தி என்பதால் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

அன்று கூட்டம் என்பதால் வேலை இல்லை. கொடிக்காலில் யாருமில்லை. வரிசை வரிசையாக அகத்தி மரங்கள் நெருங்கி நின்றன, ஒவ்வொன்றிலும் கொடி சுற்றி ஏறியிருந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தும் உள்ளே பச்சை இருட்டு. அழுகிப்போன இரண்டு வரிசைகளைப் பிடுங்கி வெளியே வரப்பில் குவித்திருந்தார்கள். தங்கப்பொண்ணு அந்தக் குவியலில் ஒரு தூரை எடுத்து முகர்ந்து பார்த்தார். கறுத்துக் குழைந்திருந்த வேரை விரலால் நசுக்கி என்னிடம் காட்டினார். “மழைத் தண்ணி. வடிகால் வெட்டணும்னு ஆடியிலேயே சொன்னேன்” என்றார்.

மணி ஒன்பது. மஞ்சள் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம், சோப்புப் போடும் சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் தண்ணீர். கோயிலுக்குக் கிளம்புகிறவர் போல முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். கொடிக்கால் ஓரத்தில் முறிந்து நின்ற அகத்திக் கட்டையில் பையை மாட்டினார். அதற்குள் மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் இருந்தது. கட்டையின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கொடி கட்ட ஊறவைத்திருந்த கோரைப்புல் கற்றையிலிருந்து ஒரு பிடி உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

முடிவு வரும் வரைக்கும் இறங்க வேண்டாம் என்றார்களே என்று நான் கேட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. யாராவது வந்து பார்த்துவிட்டால், அதையே ஒரு காரணமாக்கிப் பங்கைப் பறித்துவிட்டால் என்று மனம் ஓடியது. இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால்தான் என்ன?

“நேத்து அடிச்ச காத்துல பத்துக் கொடி சரிஞ்சு கிடக்கு” என்றார். “அவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அது தரையில கிடக்கணுமா?”

வாய்க்கால் தண்ணீரில் இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவினார். பிறகு இறங்கினார்.

அவர் முதல் கொடியைத் தூக்கி நிறுத்தி அகத்தியோடு அணைத்தபோது பைக்குள் போன் அடித்தது. வெறும் கட்டையில் தொங்கிய பை அதிர்ந்தது. நான் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். முத்துக்கருப்பன்.

“அக்கா, அவர்தான். எடுக்கட்டுமா?”

அவர் கோரையைக் கொடியைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கொடிக்குப் போனார். போன் அடித்து ஓய்ந்தது. அடுத்த நொடி மறுபடி அடித்தது. என் உள்ளங்கையில் அது துடித்துக்கொண்டிருந்தது. நல்ல முடிவாகவும் இருக்கலாம், எடுத்துவிடுங்கள் என்றேன். மூன்றாவது கொடியிடம் போனவர், அதைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏ தங்கச்சி, ஆறு மணிக்கு பஸ் ஏறுனேன்னு சொன்ன. மணி ஒம்போதே கால். ரெண்டு கிளாஸ் காப்பி குடிச்சிருக்க. இன்னும் போகலைல்ல?”

போன் மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் கொடியிலிருந்து ஒரு கையை எடுக்காமல், கோரை தொங்கிய மறுகையை நீட்டி, பம்புசெட்டுக்குப் பின்னாலிருந்த மறைப்பைக் காட்டினார். நான் நகரும் வரை அந்தக் கையை இறக்கவில்லை.